மடிக்கணினியின் நெடுந்துயிலும் அதற்கு வேண்டிய காவலும்

பூட்டிய பெட்டியைக் களவு கொடுத்தலும் திறந்த பெட்டியைக் களவு கொடுத்தலும் ஒன்றாகா. முன்னதிற் போவது பெட்டியின் விலை. பின்னதிற் போவது பெட்டிக்குள் இருந்த யாவும். மரப்பெட்டிக்கும் இரும்புப்பெட்டிக்கும் பொருந்தும் இவ்வுண்மை, இக்காலத்தில் ஆசிரியரும் மாணவரும் கையிற் கொண்டு செல்லும் மடிக்கணினிக்கும் பொருந்துவதாகும். ஓர் ஆசிரியரின் கணினியில் மாணவர் பெற்ற புள்ளிகளும், பெற்றோரின் முகவரிகளும், பிறர் அறியலாகாத அறிக்கைகளும் உள. அவை அவருடைய உடைமைகள் அல்ல. பிறர் நம்பி அவரிடம் ஒப்புவித்தவை. நம் நாட்டில் தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டமை இக்கடமையின் முதன்மையை நமக்கு உணர்த்தும்.

இக்கடமை தவறின் நேர்வது யாதென்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முன்னாட் படைவீரர் நலத் திணைக்களத்து அலுவலர் ஒருவரின் வீட்டிலிருந்து 2006ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு மடிக்கணினியும் அதனோடு இணைத்துப் பயன்படுத்தும் வன்தட்டு ஒன்றும் களவு போயின. ஏறத்தாழ 2 கோடியே 65 இலட்சம் பேரின் பெயர், பிறந்த நாள், சமூகக் காப்பு இலக்கம் முதலிய விவரங்கள் எவ்வித மறையாக்கமும் இன்றி அவற்றுள் இருந்தன. களவு போன பொருள்கள் அடுத்த மாதமே மீட்கப்பட்டன. எனினும் அதுபற்றி எழுந்த வழக்கைத் தீர்க்கும் பொருட்டு 2009ஆம் ஆண்டில் 2 கோடி டொலர் கொடுக்க அரசாங்கம் உடன்பட்டது. ஒரு சிறு கருவியின் விலை எங்கே, அதனுள் இருந்தவற்றின் விலை எங்கே!

“எனது கணினியின் வன்தட்டு முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டுள்ளது, ஆதலின் எனக்கு அச்சமில்லை” என்று கூறுவோர் இன்று பலராவர். அவர்களிடம் நாம் வினவவேண்டிய வினா ஒன்றுண்டு. களவு போகும்போது அக்கணினி எந்நிலையில் இருந்தது? அணைந்திருந்ததா, அன்றி உறங்கிக்கொண்டிருந்ததா? இவ்வினாவின் விடையைப் பொறுத்தே அம்மறையாக்கத்தின் பயன் அமையும். அஃது எவ்வாறு என்பதையும், லினக்ஸ் என்னும் திறந்த மூல இயங்குதளத்தில் இக்காவலை அமைக்கும் முறையையும் இனி ஆராய்வாம்.

உறக்கமும் நெடுந்துயிலும்

கணினியின் மின்னிலைகளை வகுத்துரைக்கும் ஏ.சி.பி.ஐ. என்னும் நியமம் இன்ரெல், மைக்ரோசொப்ற், தொஷிபா ஆகிய நிறுவனங்களால் 1996ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் வெளியிடப்பட்டது. அதன்படி இயங்கும் நிலை எஸ்0 எனப்படும். முற்றும் அணைந்த நிலை எஸ்5 எனப்படும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவற்றுள் நாம் கருதவேண்டியவை இரண்டு.

ஒன்று எஸ்3 என்னும் உறக்கம். இந்நிலையில் ஏனைய உறுப்புகள் பெரும்பாலும் ஓய்ந்திருக்க, நினைவகத்திற்கு மாத்திரம் மின்சாரம் சென்றுகொண்டிருக்கும். மூடியைத் திறந்தவுடன் சில வினாடிகளில் வேலை தொடரும். ஆயின் மின்கலம் சிறிது சிறிதாகக் குறையும். அது தீர்ந்தால் சேமியாத வேலை யாவும் அழியும்.

மற்றையது எஸ்4 என்னும் நெடுந்துயில். குளிர்நாட்டு விலங்குகள் சில பனிக்காலம் முழுவதும் உணவின்றி உறங்கிக் கழிப்பதை உயிரியலார் குறிக்கும் பெயரையே இதற்கும் இட்டனர். இந்நிலையில் நினைவகத்தில் இருந்தவை அனைத்தும் வன்தட்டிற் பிரதி எழுதப்பட்டு, மின்சாரம் முற்றாக நிறுத்தப்படும். ஒரு நாள் சென்றாலென், ஒரு திங்கள் சென்றாலென், கணினியை மீண்டும் இயக்கும்போது எழுதிக்கொண்டிருந்த வாக்கியத்தின் நடுவிலிருந்தே வேலையைத் தொடரலாம். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்த காலத்தை நினைவுகூர்வார்க்கு இதன் பயனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

உறக்கத்தில் உள்ள ஆபத்து

வன்தட்டின் மறையாக்கம் ஒரு பூட்டைப் போன்றது. கணினியைத் தொடங்கும்போது நாம் கடவுத்தொடரைக் கொடுக்கின்றோம். அதன் துணைகொண்டு திறவுகோல் வெளிப்படுகின்றது. கணினி வன்தட்டைப் படிக்கவும் எழுதவும் அத்திறவுகோல் இடையறாது வேண்டப்படுதலின், அது நினைவகத்திலேயே தங்கியிருக்கும். உறக்கநிலையில் நினைவகம் உயிரோடிருக்கின்றது. எனவே திறவுகோலும் அங்கேயே இருக்கின்றது. உறங்கும் கணினியைக் களவாடியவன் பூட்டை மாத்திரமன்று, திறவுகோலையும் சேர்த்தே கொண்டு செல்கின்றான் என்பது பெறப்படும்.

மின்சாரத்தைத் துண்டித்தால் நினைவகம் அக்கணமே வெறுமையாகிவிடும் என்று பலர் நம்பியிருந்தனர். அந்நம்பிக்கை தவறென்பதை அமெரிக்காவின் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழக ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தோரும் 2008ஆம் ஆண்டில் ஐயந்திரிபற நிறுவினர். நினைவகச் சில்லுகள் அறைவெப்பநிலையிற்கூடச் சில வினாடிகள் தம் உள்ளடக்கத்தைப் பேணின. தூசு துடைக்கப் பயன்படும் காற்றுக் குப்பியைத் தலைகீழாகப் பிடித்துத் தெளித்து அவற்றை ஏறத்தாழ −50 பாகை செல்சியசு வரை குளிரச் செய்தபோது, சில நிமிடங்கள் சென்றபின்னும் மிகச் சிறு பகுதியே அழிந்திருந்தது. அவ்விடைவேளையில் நினைவகத்தைப் படித்துத் திறவுகோலைக் கண்டெடுத்தல் இயலும் என்பதை அவர்கள் செய்தே காட்டினர். பின்வந்த கணினிகளில் இதனைச் செய்தல் கடினமாயிற்று எனினும், அடிப்படை உண்மை மாறவில்லை. மின்சாரம் நின்று சிறிது நேரம் சென்றபின்னரே நினைவகத்திலுள்ள திறவுகோல் மறைந்ததாகக் கொள்ளலாம். உறக்கத்தினும் நெடுந்துயில் சிறந்ததாவது இக்காரணம் பற்றியே.

காவலற்ற நெடுந்துயிலில் உள்ள பேராபத்து

ஆயின் நெடுந்துயில் தானாகவே காவலுடையது என்று கருதுதல் பொருந்தாது. காவலின்றி அமைத்த நெடுந்துயில் உறக்கத்தினும் கேடு பயப்பதாகும். ஏன் எனிற் கூறுவாம்.

நெடுந்துயிலின்போது நினைவகத்தின் பிரதி எழுதப்படும் இடம், லினக்ஸில் ‘சுவாப்’ எனப்படும் இடமாற்றுப் பகுதியாகும். நினைவகம் போதாதபோது அதன் ஒரு பங்கைத் தற்காலிகமாக வைக்க ஏற்பட்ட இடம் அது. கோப்புகள் உள்ள பகுதியை மறையாக்கம் செய்த ஒருவர் இவ்விடமாற்றுப் பகுதியை மறையாக்கம் செய்யாது விட்டார் எனக் கொள்வோம். கணினி நெடுந்துயிலிற் செல்லும்போது நினைவகத்தில் உள்ள அனைத்தும் அங்கே வெளிப்படையாக எழுதப்படும். திறந்திருந்த கடிதங்களும், அண்மையிற் கொடுத்த கடவுச்சொற்களும், எல்லாவற்றினும் மேலாக அவ்வன்தட்டின் திறவுகோலும் அப்பிரதியில் அடங்கும். வீட்டைப் பூட்டிவிட்டுத் திறவுகோலைப் படலையிற் கொளுவிச் செல்வதற்கு இது நிகர். நினைவகத்தில் இருந்த திறவுகோலாவது மின்சாரம் போனாற் போகும். வன்தட்டில் எழுதப்பட்ட திறவுகோல் போகாது. கணினி மீண்டும் விழித்தெழுந்த பின்னும், அப்பிரதி ‘பயன்படுத்தப்பட்டது’ என்று குறிக்கப்படுமேயன்றி உடனே துடைத்தழிக்கப்படுவதில்லை. வேறொன்று அதன்மேல் எழுதப்படும் வரை அது படிக்கக்கூடியதாகவே கிடக்கும்.

ஆகவே இடமாற்றுப் பகுதியும் மறையாக்கத்தின் அகத்தே இருத்தல் வேண்டும் என்பதே இவ்விடயத்தின் முதல் விதியாம்.

லினக்ஸில் உள்ள கருவிகள்

லினக்ஸின் உட்கருவாகிய கருனியை லினஸ் ரோவால்ட்ஸ் என்பார் 1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த காலத்தில் ஆக்கத் தொடங்கினார். அதில் நெடுந்துயிலை அமைக்கும் முயற்சியைக் காபோர் கூட்டி தொடங்க, பாவெல் மாகெக் அதனை வளர்த்துக் கருனியிற் சேர்த்தார். இரஃபேல் விசோட்ஸ்கி பின்னர் அதனைச் செப்பஞ் செய்தார். வன்தட்டை மறையாக்கம் செய்யும் ‘டி.எம்.-கிரிப்ற்’ என்னும் பகுதி கிறிஸ்ரொப் சவு என்பவரால் ஆக்கப்பட்டு 2004ஆம் ஆண்டில் 2.6.4ஆம் பதிப்பிற் சேர்ந்தது. அதே ஆண்டில் கிளெமன்ஸ் புருவிர்த் என்பவர் ‘லக்ஸ்’ என்னும் அமைப்பை வகுத்தார்.

லக்ஸின் நுட்பம் எளிது, ஆயினும் அழகியது. வன்தட்டை மறைக்கும் முதன்மைத் திறவுகோல் எழுந்தமானமாக உண்டாக்கப்பட்ட ஓர் எண். நம் கடவுத்தொடர் அவ்வெண்ணை மூடிய உறையைத் திறப்பதற்கே பயன்படுகின்றது. ஆதலின் கடவுத்தொடரை மாற்றுங்கால் வன்தட்டு முழுவதையும் மீள எழுத வேண்டுவதில்லை. உறையை மாற்றினாற் போதும். 2017ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்த இரண்டாம் லக்ஸில் 32 உறைகள் வரை வைத்துக்கொள்ளலாம். கடவுத்தொடரை ஊகித்து ஊகித்துப் பார்க்கும் கள்வனைத் தாமதப்படுத்தும் பொருட்டு, நினைவகத்தை மிகுதியாக வேண்டும் ‘ஆர்கன்2’ என்னும் கணிப்புமுறை அதிற் கையாளப்படுகின்றது. மறையாக்கத்தைச் செய்வது பெரும்பாலும் ஏ.இ.எஸ். முறையே. அது பெல்சிய நாட்டவராகிய ஜொவான் டேமன், வின்சென்ற் ரெய்மன் என்போர் ஆக்கி, 2001ஆம் ஆண்டில் அமெரிக்க நியமமாக ஏற்கப்பட்டதாகும்.

அமைக்கும் முறை

லினக்ஸ் வெளியீடுகள் பலவற்றுள் டெபியனை எடுத்துக்கொள்வோம். அதனை நிறுவுங்கால், வன்தட்டைப் பகுக்கும் கட்டத்தில், வன்தட்டு முழுவதையும் மறையாக்கம் செய்த எல்.வி.எம். ஆக அமைக்கும் வழி ஒன்று காட்டப்படும். அதனைத் தெரிந்தெடுப்பின் லக்ஸ் பெட்டி ஒன்று உண்டாகும். அதனுள்ளே எல்.வி.எம். என்னும் பகுப்புமுறையால் இரண்டு அறைகள் அமையும். ஒன்று கோப்புகளுக்கு, மற்றொன்று இடமாற்றுப் பகுதிக்கு. இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருத்தலின் ஒரே கடவுத்தொடர் இரண்டையும் திறக்கும். தொடக்கத்திற்கு வேண்டிய ‘பூற்’ என்னும் சிறு பகுதி மாத்திரம் பெட்டிக்கு வெளியே நிற்கும்.

இங்குக் கவனிக்கவேண்டியது இடமாற்றுப் பகுதியின் அளவு. நிறுவி தானே தெரியும் அளவு நெடுந்துயிலுக்குப் போதாமல் இருத்தல் கூடும். கருனி நினைவகப் பிரதியைச் சுருக்கியே எழுதுகின்றது. இயல்பான அமைப்பில் அப்பிரதியை நினைவகத்தின் ஐந்தில் இரண்டு பங்கிற்குள் அடக்க முயல்கின்றது. எனினும் அது முயற்சியேயன்றி உறுதியன்று. 16 கிகாபைற் நினைவகமுள்ள கணினிக்கு 16 கிகாபைற்றோ அதனிற் சற்றுக் கூடிய அளவோ ஒதுக்குதல் அறிவுடைமை. பின்னர் இடம் மாற்றுவதினும் முன்னரே அளந்து வைத்தல் எளிது.

அடுத்து, கணினி விழித்தெழும்போது பிரதியை எங்கே தேடவேண்டும் என்பதை அதற்குச் சொல்லிவைத்தல் வேண்டும். தொடக்கத்தில் நினைவகத்தில் ஏற்றப்படும் ‘இனிற்-ராம்-எவ்.எஸ்.’ என்னும் சிறு அமைப்பு, ‘ரெசியூம்’ என்னும் குறிப்பைப் பார்த்து அவ்விடத்தை அறியும். டெபியன் இதனைப் பெரும்பாலும் தானே கண்டுகொள்ளும். கண்டுகொள்ளாவிடின், அவ்வமைப்புக்குரிய கோப்புறையில் ‘ரெசியூம்’ என்னும் பெயர்கொண்ட கோப்பில் இடமாற்றுப் பகுதியின் பெயரை எழுதி, அவ்வமைப்பைப் புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுத்தல் வேண்டும். புதுப்பியாவிடின் எழுதியதாற் பயனில்லை.

இவை முடிந்தபின் சோதனை. வேலைகளைச் சேமித்து, முதன்மையற்ற பக்கம் ஒன்றைத் திறந்து வைத்து, நெடுந்துயிற் கட்டளையைக் கொடுக்க. கருனி முதலில் இயங்கும் செயலிகள் யாவற்றையும் அசையாது நிறுத்தும். பின் நினைவகத்தைப் பிரதிசெய்து இடமாற்றுப் பகுதியில் எழுதும். ஈற்றில் மின்சாரத்தை நிறுத்தும். சிறிது நேரஞ் சென்று கணினியை இயக்குக. கடவுத்தொடர் கேட்கப்பட்டு, அதனைக் கொடுத்தபின்னரே முன்பு திறந்திருந்த பக்கம் தோன்றுதல் வேண்டும். கடவுத்தொடர் கேளாமலே அப்பக்கம் தோன்றுமாயின், மகிழ்தற்கு இடமில்லை. பிரதி வெளிப்படையாக எழுதப்பட்டதோ, திறவுகோல் கணினியிலேயே எங்கேனும் வைக்கப்பட்டுள்ளதோ என்று ஆராய்தல் வேண்டும். வன்தட்டின் பகுதிகளை மரவடிவிற் காட்டும் ‘எல்.எஸ்.பி.எல்.கே.’ என்னும் கட்டளையில், இடமாற்றுப் பகுதி ‘கிரிப்ற்’ என்று குறித்த கிளையின் கீழ் நிற்பதைக் கண்ணாற் கண்டு உறுதிசெய்தலும் நன்று.

வழுக்கள் நேரும் இடங்கள்

இதிற் பலரும் இடறும் இடங்கள் நான்கு.

முதலாவது, எழுந்தமானத் திறவுகோல். சிலர் இடமாற்றுப் பகுதிக்கு ஒவ்வொரு தொடக்கத்தின்போதும் புதிய திறவுகோலை உண்டாக்கும்படி அமைப்பர். இது மிக்க காவலுடையது. ஆயின் நெடுந்துயிலுக்கு உதவாது. கணினி அணைந்தவுடன் அத்திறவுகோல் மறைந்துவிடுதலின், எழுதிய பிரதியை உரியவரும் படிக்க இயலாது.

இரண்டாவது, ‘செட்-ராம்’ என்னும் முறை. பெடோரா வெளியீடு 2020ஆம் ஆண்டில் வந்த 33ஆம் பதிப்பு முதல் இதனை இயல்பாகக் கையாள்கின்றது. இது நினைவகத்திற்குள்ளேயே சுருக்கி வைக்கும் இடமாற்றுப் பகுதி. நினைவகம் அணையும்போது இதுவும் அணையும். எனவே நெடுந்துயிலுக்கு வன்தட்டில் வேறோர் இடம் வேண்டும்.

மூன்றாவது, தனிப் பகுதிக்குப் பதிலாகக் கோப்பொன்றை இடமாற்றுக்குப் பயன்படுத்தல். இது செய்யத்தக்கதே. ஆயின் பிரதியைத் தேடும் வேளையிற் கோப்பு முறைமை இன்னும் திறக்கப்பட்டிராது. ஆதலின் கோப்பின் பெயர் பயன்படாது. அது வன்தட்டில் எவ்விடத்திலிருந்து தொடங்குகின்றது என்னும் எண்ணைக் கண்டறிந்து தனியே குறித்து வைத்தல் வேண்டும். கோப்பை அழித்து மீள உண்டாக்கின் எண்ணும் மாறும்.

நான்காவது, நெடுந்துயிலில் உள்ள கணினியின் கோப்புப் பகுதியை வேறோர் இயங்குதளத்திலிருந்து திறத்தல். துயிலுங் கணினியின் பிரதி, வன்தட்டு தான் விட்டுச்சென்ற நிலையிலேயே உள்ளதென்று நம்பிக்கொண்டிருக்கும். இடையில் ஒருவர் திறந்து ஒரு சிறு மாற்றஞ் செய்யினும், விழித்தெழும் கருனி பழைய நினைவின்படி எழுதிக் கோப்புகளைச் சிதைக்கும். எனவே இச்செயல் அறவே விலக்கத்தக்கது.

இரு காவல்களின் முரண்

இனி ஒரு சிக்கலைக் கூறுதல் வேண்டும். இன்றைய கணினிகளில் ‘செக்கியூர் பூற்’ என்னும் காப்பு ஒன்றுண்டு. ஒப்பமிடப்பட்ட கருனியையன்றிப் பிறிதொன்றை அது தொடங்கவிடாது. 2019ஆம் ஆண்டில் வெளிவந்த லினக்ஸ் 5.4ஆம் பதிப்பில் ‘லொக்டவுன்’ என்னும் கட்டுப்பாடு சேர்க்கப்பட்டது. டெபியன் முதலிய வெளியீடுகளில், செக்கியூர் பூற் இயங்கும்போது இக்கட்டுப்பாடும் இயங்கி, நெடுந்துயிலை மறுத்துவிடும். காரணம் யாதெனின், நினைவகப் பிரதிக்கு ஒப்பம் இல்லை. ஒருவன் பிரதியை மாற்றி எழுதிவைத்தால், விழித்தெழுவது ஒப்பமிடப்பட்ட கருனியன்று. அவன் எழுதிவைத்த கருனியாகும். மறையாக்கம் உள்ளே இருப்பதை மறைக்குமேயன்றி, அதனை எவரும் மாற்றவில்லை என்பதற்குச் சான்றாகாது.

ஆகவே கணினியை உடையவர் இரண்டில் ஒன்றைத் தெரிதல் வேண்டும். செக்கியூர் பூற்றை நிறுத்திவிட்டால் நெடுந்துயில் கிடைக்கும். ஆயின் மறையாக்கம் செய்யப்படாத பூற் பகுதியை ஒருவன் இரகசியமாக மாற்றிவைத்து, பின் நாம் கொடுக்கும் கடவுத்தொடரைக் கவர்ந்துகொள்ளல் கூடும். விடுதியறையில் விட்டுச்சென்ற கணினியைப் பணிப்பெண் தொடுவதைக் கற்பித்து, ‘தீய பணிப்பெண்ணின் தாக்குதல்’ என்று இதற்கு 2009ஆம் ஆண்டில் யோவானா ருட்கொவ்ஸ்கா பெயரிட்டார். இதற்கு மாறாக, செக்கியூர் பூற்றை வைத்துக்கொண்டு நெடுந்துயிலைத் துறப்பவர், வெளியே செல்லுந்தோறும் கணினியை முற்றாக அணைத்தல் வேண்டும்.

எதனைத் தெரிவது? பேருந்திலும் புகையிரதத்திலும் கணினியைத் தவறவிடுதலே ஆசிரியருக்கும் மாணவருக்கும் பெரிதும் நேரக்கூடிய இடர். கள்வன் அதனைத் திருப்பிக் கொண்டுவந்து வைப்பதில்லை. இவர்க்கு மறையாக்கத்தின் அகத்தமைந்த நெடுந்துயில் தக்கது. பகைவர் பலமுறை கணினியை அணுகக்கூடிய நிலையிலுள்ள பத்திரிகையாளருக்கும் வழக்கறிஞருக்கும் செக்கியூர் பூற்றும் முழு அணைப்பும் தக்கன. நோய்க்கேற்ற மருந்து என்பது இங்கும் பொருந்தும்.

நாளாந்தப் பழக்கம்

கருவி எத்துணைச் சிறந்ததாயினும் பழக்கம் அதனோடு இயையாவிடிற் பயனில்லை. மூடியை மூடியவுடன் நெடுந்துயிலிற் செல்லும்படி சிஸ்ரம்-டி என்னும் பணிமேலாண்மை அமைப்பிற் குறித்து வைக்கலாம். அன்றி, முதலில் உறங்கிக் குறித்த நேரஞ் சென்றபின் நெடுந்துயிலிற் செல்லும்படியும் அமைக்கலாம். பின்னதில் அவ்விடைப்பட்ட நேரம் முழுவதும் திறவுகோல் நினைவகத்தில் உள்ளது என்பதை மறத்தலாகாது. வகுப்பறையிலிருந்து ஆசிரியர் அறைக்குச் செல்ல உறக்கம் போதும். ஊர் விட்டு ஊர் செல்ல நெடுந்துயில் வேண்டும்.

கடவுத்தொடர் நீண்டதாகவும், பிறர் ஊகிக்க இயலாததாகவும், தாம் மறவாததாகவும் இருத்தல் வேண்டும். லக்ஸில் மறந்தார்க்கு மீட்பில்லை. திறவுகோல் உறைகள் அடங்கிய அதன் தலைப்பகுதி சிதைந்தாலும் மீட்பில்லை. ஆதலின் அத்தலைப்பகுதிக்கும் கோப்புகளுக்கும் வேறிடத்திற் பிரதி வைத்தல் இன்றியமையாதது. காவல் என்பது கள்வனை மாத்திரமன்றி, பிரதி வைக்காத உரியவரையும் வெளியே நிறுத்தும் இயல்பினது.

மூடிய மூடி பூட்டிய கதவன்று. திறவுகோல் எங்கே இருக்கின்றது என்னும் ஒரு வினாவை ஒவ்வொரு முறையும் தம்முள் வினவிக்கொள்வார், மேற்கூறிய விதிகளுட் பலவற்றைத் தாமே வருவித்துக்கொள்வர். பிறர் நம்பி ஒப்புவித்தவற்றைக் காத்தல் கற்றார்க்குரிய கடன்; அக்கடனை இறுக்க இங்கே வேண்டுவன ஒரு மாலைப்பொழுதின் உழைப்பும், அதன்பின் என்றும் விடாத ஒரு சிறு பழக்கமுமேயாம்.